அறுசுவையும் சிறார் நாவும்

தொல்காப்பிய மரபியல், மெய்யுணர்வை அடுத்து நாவுணர்வையே இரண்டாம் அறிவாக வைக்கின்றது. அந்நாவைக் கொண்டே அறுசுவைப் பாடத்தை நடத்தலாம் என்பது நம் கருத்து. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு ஆகியவற்றைச் சிறார் எளிதில் இனங்காண்பர். கைப்புக்குப் பாகற்காய் போதும். அவர்கள் இடர்ப்படுவது துவர்ப்பில்தான். அதனைக் கசப்பென்றே பலரும் கூறுவர். வாழைப்பூவும் நாவற்பழமும் நுழையாத வீட்டில் அச்சொல் அகராதியில் மட்டுமே வாழும். ஆகவே, நாவற்பழம் ஒன்றை உண்ணச் செய்து, நா வறண்டு இறுகுவதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். அடுத்து நெல்லிக்காயைக் கொடுத்தால், மென்றபின் பருகும் நீர் இனிப்பது ஏன் என அவர்களே வினவுவர்.

இன்றைய அறிவியலார் கார்ப்பை எரிவுணர்வாகவும், துவர்ப்பைப் பெரிதும் தொடுவுணர்வாகவும் கொள்வர். இவ்விரண்டையும் விலக்கி, சப்பானிய அறிஞர் கிக்குனே இக்கேடா 1908-இல் கடற்பாசிச் சாற்றில் இனங்கண்ட உமாமியை அடிப்படைச் சுவைகளுள் சேர்ப்பர். நம் முன்னோரோ வாய் உணர்வதையெல்லாம் சுவை என வகுத்தனர். சமையலறைக்கு அவ்வகுப்பே பொருந்தும். ஆனால், நுனிநா இனிப்பையும் அடிநா கசப்பையும் மட்டுமே அறியும் எனக் காட்டும் பழைய படத்தைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடலாம். பாகற்காய்ச் சாற்றில் ஒரு துளியை நுனிநாவில் வைத்தாலே பிள்ளைகள் முகம் சுளிப்பர்.