முதலில் கிணறு, பிறகு மரம்: குடாநாட்டில் போன்சாய் தொடங்குவோருக்கு

போன்சாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்து மரத்தைத் தேர்ந்துவிடுகிறார்கள். அதை எங்கே வைப்பது, எந்தத் தண்ணீர் விடுவது என்ற யோசனை அதன் பிறகுதான் வருகிறது. யாழ்ப்பாணத்தில் இந்த வரிசை சரிவராது. இங்கே முதலில் கிணற்று நீரைப் பார்க்க வேண்டும், அடுத்து வீட்டில் வெயிலும் காற்றும் படும் இடத்தை. மரம் மூன்றாவதாகத்தான் வரும். நிலத்தில் நிற்கும் மரம் ஆழ வேர்விட்டுத் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். மூன்று அங்குல ஆழச் சாடியில் நிற்கும் மரத்துக்கு நாம் ஊற்றுவது மட்டுந்தான் கிடைக்கும்.

நாம் ஊற்றுவதோ சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடந்து வரும் தண்ணீர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை, எல்லாருக்கும் கிணறுதான். கேத்தலின் உட்புறத்தில் படியும் வெள்ளை ஓடு சாடியின் விளிம்பிலும் படியும். அதே சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் செய்துவிடும். நரம்பு பச்சையாக இருக்க இலையின் மற்றப் பகுதி மஞ்சளாவது இதனால்தான். பலர் இதைப் பசளைக் குறை என்று நினைத்து யூரியா போடுகிறார்கள், அது பயன்தராது.

சவர் வேறு பிரச்சினை. தீவகத்திலும் கரையோரக் கிராமங்களிலும் பல கிணறுகள் கோடையில் சவராகிவிடும். சுண்ணாம்பைப் பல மரங்கள் தாங்கும், உப்பைத் தாங்குபவை சில. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக உப்பு மட்டும் சாடியில் தங்கி, நாளுக்கு நாள் செறிவு கூடும். இலை நுனி கருகத் தொடங்குவது அதன் முதல் அறிகுறி.

இரண்டுக்கும் மருந்து மழைநீர். குடாநாட்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் பெய்து முடிந்துவிடும். 50 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,250 லீற்றர் தண்ணீர் விழுகிறது. ஒரே ஒரு நல்ல மழையில் 1,000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும். பத்துச் சிறிய சாடிகளுக்கு ஒருநாளில் 10 லீற்றர் என்று வைத்தால் அது 100 நாளைக்குப் போதும். கிணற்று நீர் நல்லதாக இருப்பவர்கள் தினமும் அதையே விட்டு, கிழமைக்கு ஒருமுறை மழைநீரைச் சாடியின் அடியால் தாராளமாக வழிந்தோடும்வரை ஊற்றினால் போதும். சவர்க் கிணறு உள்ளவர்கள் தாங்கியை வாங்கிவிட்டுத்தான் சாடியை வாங்க வேண்டும்.

எந்த மரம்?

முதல் மரமாக நான் சொல்வது இத்தி. ஆலும் அரசும் அதே குடும்பந்தான், ஆனால் சாடிக்கு மூன்றும் ஒன்றல்ல. அரசின் இலைக்குக் காம்பு நீளம், நுனியில் வாலும் நீளம். எவ்வளவு நறுக்கினாலும் சிறிய சாடியில் அது பெரிய இலையாகவே தெரியும். ஆல் ஓரளவு இணங்கும், ஆனால் அதற்கு இரண்டடி உயரமாவது கொடுக்க வேண்டும். இத்தியின் இலை இயல்பாகவே சிறியது, தடிப்பானது. கொப்பை எந்த இடத்தில் வெட்டினாலும் துளிர்க்கும், ஈரப்பதன் இருந்தால் விழுதும் விடும். தண்ணீர் ஒருநாள் தவறினாலும் அடுத்த நாள் எழும்பி நிற்கும். பழகுகிற கைக்கு இந்த மன்னிக்கும் குணம் பெரிய உதவி.

இன்னொரு காரணம் இந்த மண்ணுக்கே உரியது. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களிலும், கைவிடப்பட்ட கிணறுகளின் கட்டுகளிலும், மதில் வெடிப்புகளிலும் தானாக முளைப்பவை இந்தக் குடும்பத்து மரங்கள்தான். 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த வலிகாமம் வடக்கு வீடுகளுக்குத் திரும்பியவர்கள், கூரையில்லாத அறைகளில் இவை வேரோடி நிற்பதைக் கண்டார்கள். சுண்ணாம்பையே தின்று வளரும் மரத்துக்கு எங்கள் கிணற்று நீர் புதிதல்ல.

கடைகளில் வேர் வீங்கிக் கிழங்குபோல் நிற்கும் ‘ஜின்செங் பைகஸ்’ கிடைக்கும். அதுவும் இத்தி இனந்தான். ஆனால் பருத்த வேரின் மேல் வேறு வகைக் கொப்பை ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய தழும்பு நெடுங்காலம் மறையாது. அலங்காரத்துக்குச் சரி, மரம் பழக்க விரும்புகிறவருக்கு அது நல்ல தொடக்கமல்ல.

அடுத்தது புளி. சின்னச் சின்ன இலைகள், இளவயதிலேயே வெடிக்கத் தொடங்கும் பட்டை, மாலையில் இலை கூம்பும் வழக்கம் என்று சிறிய சாடியில் பெருமரத் தோற்றம் தரும் எல்லாம் அதனிடம் உண்டு. வறட்சியைத் தாங்கும், சவரையும் ஓரளவு தாங்கும். விதையை ஓரிரவு ஊறவைத்து ஊன்றினால் இரண்டு கிழமைக்குள் முளைத்துவிடும். குறை ஒன்றுதான்: சாடியில் தண்டு பருக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் ஆணிவேரை நறுக்கிவிட்டு நிலத்திலேயே நட்டு, கையின் மணிக்கட்டளவு பருத்த பிறகு சாடிக்கு எடுப்பதே நல்லது. ஐம்பது வயதுக்காரரும் தயங்காமல் தொடங்கலாம். ஆனால் புளியோடு ஓர் இத்தியையும் வைத்துக்கொள்ளுங்கள். புளி பருக்கும்வரை கைக்கு வேலை வேண்டும்.

ஊசியிலை மரந்தான் வேண்டும் என்பவர்கள் பலர். போன்சாய் என்றதும் மனதில் வருவது பைன் மரந்தானே. வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் இருக்கும் யமாகி பைன் 1625 முதல் பழக்கப்பட்டு வருவது. 1945 இல் ஹிரோஷிமா குண்டுவீச்சுக்குத் தப்பி, 1976 இல் அன்பளிப்பாக அங்கே போனது. அந்த மரத்துக்கு ஹிரோஷிமாவிலும் ஆண்டுதோறும் குளிர்காலம் கிடைத்தது, வாஷிங்டனிலும் கிடைக்கிறது. அந்த ஓய்வு அதற்கு உணவைப்போல் அவசியம். யாழ்ப்பாணத்தில் தை மாத இரவில்கூட 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. மலைநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் ஜூனிப்பரும் இங்கே சில மாதம் பச்சையாக நிற்கும். அது ஏற்கெனவே சேர்த்து வைத்த பலத்தில் நிற்பது.

அந்த ஆசைக்கு நம்மிடம் சவுக்கு இருக்கிறது. காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் பெயர் தந்த மரம். மணற்காட்டு மணலிலும் காடாக நிற்பது. தூரத்திலிருந்து பார்த்தால் பைன் போலவே தோன்றும், உப்புக் காற்றை இயல்பாகத் தாங்கும். இந்தோனேசியாவிலும் தாய்வானிலும் சவுக்கில் மிக உயர்ந்த போன்சாய்கள் செய்கிறார்கள். இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். சாடி ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் சவுக்கு இத்தியைப்போல் மீளாது. ஒரு கொப்பில் உள்ள பச்சை முழுவதையும் எடுத்தால் அந்தக் கொப்பே பட்டுப்போகலாம். ஆகவே இது இரண்டாவது மரம், முதலாவதல்ல.

பூ வேண்டுமானால் போகன்விலா, காய் வேண்டுமானால் மாதுளை. போகன்விலாவின் பருத்த தடியை வெட்டி நட்டாலே வேர்விடும். தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் பூத்துக் கொட்டும். ஆனால் கொப்பு வளைக்கும்போது முறியும், சுண்ணாம்பு நீரில் இலை மஞ்சளாகும், மழைநீர் கட்டாயம். மாதுளை உப்பையும் சுண்ணாம்பையும் அதைவிட நன்றாகத் தாங்கும். முறுக்கிய தண்டும் அழகு. நான் இரண்டில் மாதுளையையே எடுப்பேன். தேசி வேண்டாம், மஞ்சள் நோயும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் சிறிய மரத்தை ஓயவிடா. வேம்பும் பூவரசும் நம் மனதுக்கு நெருக்கமானவை என்றாலும், நீண்ட கூட்டிலையும் அகன்ற இலையும் சாடிக்கு அடங்குவதில்லை.

வேலியில் நிற்கும் கிளுவையை யாரும் நினைப்பதில்லை. கதியாலாக ஊன்றினாலே வேர்விடும் மரம், கோடையில் இலை உதிர்த்து நீரின்றித் தாங்கி நிற்கும், பச்சைத் தண்டில் மெல்லிய தோல் உரியும். பழைய வேலி பிடுங்கி மதில் கட்டுகிற வீடுகளில் பல ஆண்டு வயதான கிளுவை அடித்தண்டுகள் எரிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பழக்கிப் பாருங்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

விதை, வெட்டுத்தடி, காற்றுப் பதி, நாற்றுமேடைச் செடி, பிடுங்கிய மரம் என்று ஐந்து வழி. விதை மலிவு, ஆனால் பொறுமை வேண்டும். நாற்றுமேடைச் செடி வசதியானது. கார்த்திகையில் வடக்கு முழுவதும் மரநடுகை மாதமாகக் கொள்ளப்படுவதால் நாற்றுகள் நிறையக் கிடைக்கும். உயரமான செடியை விட்டு, அடித்தண்டு பருத்து, தாழ்வாகக் கொப்பு விட்டதைத் தேடி எடுங்கள். உயரத்தைப் பிறகு வெட்டலாம். அடியைப் பருக்கவைக்க ஆண்டுகள் ஆகும்.

எனக்கு மிகப் பிடித்தது சுவரிலிருந்து எடுக்கும் இத்தி. கட்டடத்தைக் காப்பாற்ற எப்படியும் அகற்ற வேண்டிய மரம் அது. கல்லிடுக்கில் நெரிந்து தட்டையான வேர்கள், சாடியில் வைத்ததும் பாறையைப் பற்றியதுபோல் பரந்து நிற்கும். விதையிலிருந்து வளர்த்து அந்த வேரைப் பெறுவது கடினம். ஐப்பசி மழை தொடங்கியதும் எடுங்கள். முதலில் தலையை வெட்டி, சுற்றியுள்ள சாந்தைச் சுரண்டி, உள்ளே ஓடும் வேரை இழுக்காமல் கூரான வாளால் அறுக்க வேண்டும். கழுவி, பெரிய பேசினில் நட்டு, நிழலில் வைத்து ஓராண்டு அசைக்காமல் விட வேண்டும். உங்கள் சொந்தச் சுவராகவோ உரிமையாளர் அனுமதி தந்ததாகவோ இருக்கட்டும். கோவில் மரம், தொல்லியல் கட்டடம், அரச காடு ஆகியவற்றில் கை வைக்கவே கூடாது. பிலிப்பைன்ஸ் கரையோரங்களில் போன்சாய்க்காகப் பிடுங்கப்பட்டே ஒரு கடற்கரை மர இனம் அருகிப்போனது.

மண்ணும் சாடியும்

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செழிக்கும். ஆழமற்ற சாடியில் அதே மண் இறுகி, அடியில் சேறாகி, வேரை அழுகவைக்கும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் உண்டு; சுண்ணாம்புக்கல் சல்லியும் ஆகாது. ஜப்பானியர் பயன்படுத்தும் அகடாமா என்ற களிமண் மணியை இங்கே தேடிச் செலவழிக்கத் தேவையில்லை. உடைந்த கூரை ஓட்டை நொறுக்கி, அரிதட்டில் அரித்து, தூளை எறிந்துவிட்டு 3 முதல் 6 மில்லிமீற்றர் துண்டை எடுங்கள். அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு நன்கு மக்கிய கூட்டெருவும் தேங்காய்த் தும்புத் தூளும் சேர்ந்தால் போதும். தும்புத் தூளை மழைநீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கலாம்.

முதல் சில ஆண்டுக்கு அழகான சாடி தேவையில்லை. அடியில் பல துளையிட்ட அகன்ற பிளாஸ்ரிக் பேசினே சிறந்தது. புதுச் சீமெந்துச் சாடி சுண்ணாம்பைக் கசியவிடும். வாங்கினால் பல நாள் நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே நடுங்கள்.

இடம் என்றால் முற்றத்தில், காலை வெயில் படும் கிழக்குப் பக்கம். விறாந்தைக்குள் எந்த மரமும் நிலைக்காது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகந்தான் இங்கே பெரிய எதிரி. வெயிலைவிட அது சாடியை விரைவாகக் காயவைக்கும். மதில் காற்றை மோதவிட்டுச் சுழற்றும், கிடுகு வேலி அதை வடித்து மெதுவாக்கும். தென்மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகுத் தட்டி கட்டினாலே பாதிக் கவலை தீரும். மழைக்காலத்தில் ஆபத்து வேறு. 2008 நிஷா, 2020 புரெவி போன்ற புயல் எச்சரிக்கை வந்தால் சாடிகளை மேடையிலிருந்து தரைக்கு இறக்கி, தண்ணீர் தேங்காத மூலையில் நெருக்கி வையுங்கள்.

கம்பியா, கத்தரியா?

கம்பி கட்டி வளைப்பது ஜப்பானிய வழி. வளரவிட்டு வெட்டி, புதுத் துளிரை வேறு திசைக்குத் திருப்பி உருவாக்குவது சீனாவின் குவாங்டொங் பக்கத்து லிங்னான் வழி. ஆண்டு முழுவதும் வளரும் இத்திக்கும் புளிக்கும் இரண்டாவதே பொருந்தும். எங்கள் வெப்பத்தில் தண்டு விரைவாகப் பருப்பதால் கட்டிய கம்பி சில கிழமையிலேயே பட்டைக்குள் இறங்கி வடு போட்டுவிடும். சவுக்குக்கு மட்டும் அலுமினியக் கம்பி கட்டுங்கள், கிழமைதோறும் பாருங்கள். இரும்புக் கட்டுக்கம்பி கடற்காற்றில் துருப்பிடிக்கும்.

எப்படி வளைப்பது என்பதற்குப் படம் தேட வேண்டியதில்லை. தீவுப்பகுதிக் கரைகளில் சோளகத்துக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து வளர்ந்த மரங்களை நின்று பாருங்கள். காற்றுப் பக்கக் கொப்புகள் குறுகி, மறுபக்கக் கொப்புகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டிருக்கும்.

வேர் நறுக்கிச் சாடி மாற்ற ஐப்பசித் தொடக்கம் நல்லது. தவறினால் மாசி வரை பொறுங்கள். சித்திரைக்குப் பிறகு வேரைத் தொட்டால், சோளகம் வருமுன் புதுவேர் பிடிக்க நேரம் போதாது. கோடையில் காலை மாலை இரண்டு நேரமும் தண்ணீர் விட வீட்டில் ஆளில்லாதவர்கள், கொழும்புக்கோ கனடாவுக்கோ மாதக்கணக்கில் போகிறவர்கள், சவுக்கையும் மாதுளையையும் தவிர்த்து, கிளுவையையும் ஆழமான சாடியில் ஓர் இத்தியையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீண்ட பயணமென்றால் இத்தியைச் சாடியோடு கிணற்றடி நிழலில், வாழைப் பாத்திக்கு அருகே, விளிம்புவரை மண்ணில் புதைத்துவிட்டுப் போங்கள். வாழைக்குத் தண்ணீர் விடுகிறவர் அதற்கும் சேர்த்து விட்டுவிடுவார். வந்ததும் துளையால் கீழே ஓடிய வேரை நறுக்கிவிட்டு வெளியே எடுக்கலாம்; அதற்குள் தண்டும் கொஞ்சம் பருத்திருக்கும்.