மாத்திரையும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்

அன்புள்ள கண்ணா,

"மாத்திரைதான் போடுகிறேனே அத்தை, அப்புறம் எதற்கு வாராவாரம் கவுன்சலிங்?" என்று போனில் கேட்டாய். நியாயமான கேள்வி. உன் வயதுப் பிள்ளைகளோடு பேசுவதே என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கவனக்குறைவுக்காக (ADHD) நீ சாப்பிடும் மெத்தில்ஃபெனிடேட், மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் இரண்டும் கூடுதலாகக் கிடைக்கும்படி செய்கிறது. வகுப்பில் மனம் ஓரிடத்தில் நிற்பது அதனால்தான். ஆனால் ரெக்கார்டு நோட்டை எப்போது எழுதி முடிப்பது, எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்று மாத்திரை சொல்லித் தராது. சாதாரண வகை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். நீண்ட நேர வகையும் சாயங்காலத்தோடு ஓய்ந்துவிடும். டியூஷன் முடிந்து இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது கைகொடுப்பது பழக்கம்தான். இரவுப் படிப்புக்காக நீயாக இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளாதே, தூக்கம் கெடும்.

அந்தப் பழக்கத்துக்காகத்தான் கவுன்சலிங். அதில் ஒரு பயிற்சி சொல்கிறேன். எத்தனை நிமிஷம் கவனம் சிதறாமல் உட்கார முடிகிறது என்று முதலில் பார். பன்னிரண்டு நிமிஷம் என்றால் பன்னிரண்டுதான், அதில் வெட்கமில்லை. வீட்டுப்பாடத்தை அந்த அளவுக்குத் துண்டு துண்டாகப் பிரி. டைமர் வை. நடுவில் கிரிக்கெட் ஸ்கோரோ நண்பனிடம் சொல்ல வேண்டியதோ ஞாபகம் வந்தால், பக்கத்துத் தாளில் ஒரு வரி குறித்துவிட்டுப் பாடத்துக்கே திரும்பு. மணி அடித்ததும் தாளைப் பார். அவற்றில் பல அவசரமே இல்லாதவை என்று உனக்கே தெரியும். போன் மட்டும் வேறு அறையில் இருக்கட்டும்.

இது என் சொந்தச் சரக்கல்ல. பாஸ்டனில் ஏற்கெனவே மருந்து எடுத்துவந்த, 14 முதல் 18 வயதுவரையான 46 பிள்ளைகளுக்கு இத்தகைய பயிற்சி தந்து பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி, மருந்துக்குப் பிறகும் மிச்சமிருந்த அறிகுறிகள் குறைந்தன. அதற்கு முன்பே, 1999-இல், வட அமெரிக்காவில் 579 சிறு குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில், கவனக்குறைவை அடக்குவதில் நடத்தைப் பயிற்சியைவிட மருந்தே முந்தியது. பயிற்சியும் சேர்ந்த குழந்தைகளுக்கோ குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

மாத்திரையால் பசி குறையும் என்பதால் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றினால் ஒளித்து வைக்காதே, டாக்டரிடம் நீயே வாய்விட்டுச் சொல். உன்னையும் கேட்டுத்தான் உன் வைத்தியம் நடக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை