வீட்டு வாசலில் பலகை வைத்தால்

போன கிழமை பார்க் எக்ஸ்டென்சனில் இருக்கும் ஒரு அக்கா, வீட்டு வாசலில் வைத்த பிரெஞ்சுப் பலகையைப் படம் எடுத்து வந்தார். "டீச்சர், எங்களை எழுப்பப் போகினமோ?" உடனே இல்லை. ஒழுங்கு இதுதான்.

மொன்றியலில் அறொண்டிஸ்மோன் எனப்படும் 19 வட்டாரங்கள் உண்டு. கட்டவோ இடிக்கவோ விரும்புபவர் பெரும்பாலும் அங்கேதான் விண்ணப்பிக்க வேணும்.

1. திட்டம் விதிகளுக்குப் பொருந்தினால், அநேகமாக அலுவலகமே பெர்மிட் கொடுத்துவிடும். அயலவரைக் கேட்பதில்லை.

2. விதிவிலக்குக் கேட்டால், ஆலோசனைக் குழு கருத்துச் சொல்லும். முடிவெடுப்பது வட்டாரசபை, பகிரங்கக் கூட்டத்தில். சில திட்டங்களுக்கு எதிராக றெஜிஸ்டரில் கையெழுத்து வைக்கலாம். அது கனேடியப் பிரசைகளுக்கு மட்டும். நீங்கள் வைக்க வேண்டாம். ஆனால் கலந்தாலோசனைக் கூட்டத்தில் நீங்களும் கதைக்கலாம்.

3. இடிக்கக் கேட்டால், அறிவித்தல் வந்து 10 நாளுக்குள் யாரும் காரணத்தோடு எழுத்தில் எதிர்க்கலாம். பிரசையாக இருக்கத் தேவையில்லை. அனுமதி கிடைத்தாலும், வாடகை ஒப்பந்தம் முடியும் நாள், பெர்மிட் கொடுத்து மூன்று மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை உங்களை எழுப்ப ஏலாது. குறைந்தது மூன்று மாத வாடகையும் வீடு மாறும் செலவும் வீட்டுக்காரர் தரவேணும்.

பயப்படாதீர்கள். உங்கள் அகதிக் கோரிக்கையைத் தீர்மானிப்பது மத்திய அரசின் சபை. வட்டாரசபைக்கு அதில் பங்கில்லை.

அக்காவின் பலகை இடிப்புக்கானது. இன்னும் நாலு நாள் இருந்தது. அன்றே எழுதிக் கொடுத்தோம். நீங்களும் பலகையைக் கண்டால் திகதியைக் குறியுங்கள். வீட்டுக்காரர் தரும் கடுதாசியில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காமல் எங்களிடம் கொண்டு வாருங்கள்.