பழைய நோக்கியா போனில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டும் படமும் ஏற்றிய பிறகு, அலமாரியில் கிடக்கும் பழைய பட்டன் போனைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள பெயர்களும் எஸ்.எம்.எஸ். செய்திகளும் வேறு எங்கும் இருக்காது. எங்கள் பக்கம் பழைய போன் என்றால் பெரும்பாலும் நோக்கியாதான். காஞ்சிபுரத்தைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 நவம்பர் 1 வரை அதன் தொழிற்சாலையே இயங்கியது. எனவே இங்கே நோக்கியாவையே எடுத்துக்கொள்கிறேன்.

வெம்பாக்கத்தில் தறி வைத்திருக்கும் ஒருவர், காலமான தன் தந்தையின் நோக்கியா 3110 கிளாசிக் போனை என்னிடம் கொண்டுவந்தார். ஆரணியில் இருந்து பாவு கொடுத்தவர் அனுப்பிய செய்திகள் அதில் இருந்தன. எந்தச் சேலைக்கு என்ன நிறம், என்ன பார்டர், எவ்வளவு முன்பணம் என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவை. கூலிக் கணக்குப் பேச மகனிடம் வேறு சீட்டு கிடையாது.

இப்படிப்பட்ட போன் கைக்கு வந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. இதற்கான பி.எல்.-5சி பேட்டரி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. அடுத்து, வேறு சிம் கார்டைப் போட்டுச் சோதிக்காதீர்கள். சிம் மாறினால் இந்தப் போன்களில் அழைப்புப் பட்டியல் அழிந்துவிடும். செக்யூரிட்டி கோட் கேட்டால், யாரும் மாற்றாதவரை அது 12345.

பெயர்கள் சிம்மில் இருக்கின்றனவா, போன் மெமரியிலா என்று பாருங்கள். சிம்மில் இருப்பவற்றைப் போன் மெமரிக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். அப்போது மூலத்தை வைத்துக்கொள்ளவா, நகர்த்தவா என்று போன் கேட்கலாம். வைத்துக்கொள் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இனி நோக்கியா பி.சி. சூட். போனுடன் வந்த சிடி இருந்தால் மிக நல்லது. நிறுவனம் இதை வழங்குவதை நிறுத்திவிட்டதால், வேறு இடத்தில் டவுன்லோட் செய்தால் வைரஸ் சோதனை கட்டாயம். எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 காலத்து புரோகிராம் இது. புதிய விண்டோஸில் முரண்டு பிடித்தால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். முதலில் இன்ஸ்டால் செய்துவிட்டுப் பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும். 3110க்கு மினி யு.எஸ்.பி. கேபிள் தேவை. போன் திரையில் கேட்கும்போது நோக்கியா மோட் என்பதைத் தேர்ந்தெடுத்து, பேக்கப் ஐகானைக் க்ளிக் செய்யுங்கள். காண்டாக்ட்ஸ், மெசேஜஸ் இரண்டிலும் டிக் இருக்கட்டும்.

என்.பி.யு. என்ற விரிவுப்பெயருடன் ஒரு பைல் கிடைக்கும். பலர் இத்துடன் வேலை முடிந்தது என்று போனைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். இங்கேதான் சிக்கல். தறிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 240 கொக்கி ஜக்கார்டுக்கு அடித்த டிசைன் அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்ட முடியுமா? அட்டை பத்திரமாக இருந்தும் புட்டா விழாது. இந்த பைலும் அப்படித்தான். பி.சி. சூட்டும் நோக்கியா போனும் இருந்தால்தான் ரீஸ்டோர் ஆகும். நோட்பேடில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும்.

எனவே என்.பி.யு. எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச புரோகிராமில் அந்த பைலைத் திறவுங்கள். பெயர்களை வி.சி.எஃப். பைலாகவும், செய்திகளைச் சாதாரண டெக்ஸ்ட் பைலாகவும் எடுத்துவிடலாம். வி.சி.எஃப். பைலை இன்றைய ஆண்ட்ராய்டு போனில் போட்டு, காண்டாக்ட்ஸ் பகுதியில் இம்போர்ட் கொடுத்தால் பெயர்கள் வந்துவிடும். தமிழில் பதிந்த பெயர்கள் நோட்பேடில் சமக்குறியும் எண்களுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இம்போர்ட் செய்ததும் சரியாகிவிடும். பி.சி. சூட்டின் ரீஸ்டோர் பொத்தானை மட்டும் சோதனைக்காக அதே போனில் அழுத்தாதீர்கள். போனில் இப்போது இருப்பதன் மேல் எழுதிவிடும்.

தறிக்காரருக்கு ஒவ்வொரு செய்தியும் தேதி, நேரம், அனுப்பியவர் எண்ணுடன் கிடைத்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். போனையும் சிம்முடன் அப்படியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். யாராவது மறுத்தால் மூலம் அதுதானே! டெக்ஸ்ட் பைலின் ஒரு பிரதி கம்ப்யூட்டரிலும் இன்னொன்று பென் டிரைவிலும் இருக்கிறது.

நோக்கியா 1100 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அதில் புளூடூத்தும் இல்லை, டேட்டா கேபிள் செருக இடமும் இல்லை. போன் மெமரியில் உள்ள 50 பெயர்களைச் சிம்முக்குக் காப்பி செய்து, அந்தச் சிம்மை வேறு போனில் போட்டு எடுக்கலாம். நீளமான பெயர்கள் சிம்மில் வெட்டுப்படும் என்பதால் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். சிம்மைக் கழற்றும் முன் அழைப்புப் பட்டியலையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்திகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து, தேதி தெரியும்படி இன்னொரு போனால் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் தனி போல்டரில் வையுங்கள்.