சாட்சி நாதரும் நாமும்

சாட்சி என்றால் கண்ணால் கண்டவர். முண்டக உபநிடதம் ஒரே மரத்தில் அமர்ந்த இரண்டு பறவைகளைக் காட்டுகிறது. ஒன்று கனியைத் தின்கிறது. மற்றது தின்னாமல் பார்த்திருக்கிறது. பார்த்திருக்கும் பறவை இறைவன் என்பர். நம் சைவ சித்தாந்தம் அத்துடன் நிற்பதில்லை. கண்ணுக்கு உயிர் காட்டித் தானும் உடன் காண்பதுபோல, உயிருக்கு இறைவன் காட்டித் தானும் காண்கிறான் என்பது சிவஞான போதத்தின் 11ஆம் சூத்திரக் கருத்து. அவன் ஒதுங்கி நின்று பார்ப்பவன் அல்லன்.

இதைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தின் 64ஆவது படலம் கதையாகவே சொல்லிவிடுகிறது. பெற்றோரை இழந்த வணிகர் குலப் பெண்ணை, மதுரையிலிருந்து வந்த அத்தை மகன் அழைத்துச் செல்கிறான். அவனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. வழியில் கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில் இரவு தங்குகையில் பாம்பு தீண்டி இறக்கிறான். பெண்ணின் அழுகுரல் கேட்ட திருஞானசம்பந்தர் அவனை எழுப்பி, அங்கேயே மணம் செய்விக்கிறார். சாட்சி யார்? ஒரு வன்னி மரம், ஒரு கிணறு, ஒரு சிவலிங்கம்.

ஆண்டுகள் சென்றன. பிள்ளைகள் சண்டையில் தொடங்கி, மூத்தவள் இளையவளை, "உன் கல்யாணத்தைக் கண்டவர் யார்?" என்று இழித்துப் பேசுகிறாள். அவள் மூன்றையும் சொல்ல, அவை இங்கு வருமோ என்று சிரிக்கிறாள். இளையவள் சொக்கநாதரிடம் முறையிட, மூன்றும் மதுரைக்கே வந்து நின்றன. திருப்புறம்பயத்து ஈசனுக்குச் சாட்சிநாதர் என்று பெயர்.

துபாயிலும் மஸ்கட்டிலும் மனாமாவிலும் வாழும் நமக்கு இப்பெண்ணின் நிலை நன்கு புரியும். மனைவிக்குக் குடும்ப விசா கேட்கும்போது, சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழைக் கேட்கிறார்கள். தாலி கட்டியதைப் பார்த்த ஐந்நூறு பேரும் கடல் கடந்து வந்து சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்குச் சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். விடுமுறையில் ஊர் சென்று பந்தியில் முதல் வரிசையில் அமரும் நம்மில் சிலர், பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்தால் மட்டும் "வேறு யாரையாவது பாருங்கள்" என்கிறோம். அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் விசாவுக்குக் காத்திருப்பது அந்தப் பெண்தான்.

மதுரைக்குச் செல்லும் அன்பர்கள், சுந்தரேசுவரர் சந்நிதிப் பிராகாரத்தின் வடகிழக்கில் அந்த வன்னியையும் கிணற்றையும் இலிங்கத்தையும் குழந்தைகளுக்குக் காட்டி, இக்கதையைச் சொல்லலாம்.