அந்தக் கிழவியை முழந்தாளிலிருந்து எழுப்பும்



1995 வலிகாம இடப்பெயர்வை வைத்து நீர் எழுதிய தனிநடிப்புப் பிரதியை வாசித்தேன். பாத்திரம் நல்லாய் அமைந்திருக்கிறது. கணவனை இழந்த எழுபது வயதுக் கத்தோலிக்கக் கிழவி, பிள்ளைகள் வெளிநாட்டில், தனிய ஒரு வீடு. ஆனால் நாடகம் முழுக்க அவவை முழந்தாளிலேயே வைத்திருக்கிறீர். ஷெல் விழுந்தால் செபிக்கிறா, பசித்தால் செபிக்கிறா, கடைசியில் வெளிச்சம் ஒடுங்கும்போதும் செபிக்கிறா. எங்கள் கிழவிகளுக்கு விசுவாசம் அன்றாட வேலைகளில் ஒன்று. சோறு வடிப்பதற்கும் கோழி அடைப்பதற்கும் நடுவில் நடப்பது. அந்த வேலையைக் காட்டும்.

1995 ஒக்டோபர் 30 திங்கட்கிழமை. ஒக்டோபர் செபமாலை மாதம். திங்களுக்கு உரியது சந்தோஷ தேவ இரகசியங்கள். வலிகாமச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாய் நகர்ந்த அந்த இரவில், முறை பிசகாத ஒரு கிழவி சொல்லியிருக்கக்கூடியது, மாதாவுக்கு மங்கள வார்த்தை வந்ததையும் மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பிறந்ததையும்தான். உமது பிரதியிலோ அவ துக்க இரகசியம் சொல்லுகிறா. மாற்றும். நெரிசலுக்குள் நின்று சந்தோஷத்தைச் சொல்லுகிற வாயைவிட வேறென்ன நாடகம் உமக்கு வேண்டும்?

இன்னோரிடத்தில் ஒளியின் இரகசியங்கள் வருகின்றன. அவற்றைப் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தது 2002இல். நீர் எழுதியிருக்கும் ‘கிபிர்’ விமானம் இலங்கைக்கு வந்ததும் 1996இல்தான். 95இல் சனம் பயந்து ஓடியது புக்காராவுக்கு. நொட்டை பிடிக்கிறேன் என்று நினையாதேயும். முன்வரிசையில் இருக்கிற ஒரு கிழவி இந்த இடத்திலேயே உம்மை விட்டுவிடுவா.

சேமக்காலை உமது பிரதியில் இல்லவே இல்லை. இடம்பெயர்ந்து மூன்று நாளில், நவம்பர் 2, மரித்தோர் திருநாள். வருஷா வருஷம் மனுஷனின் கல்லறையில் புல்லுப் பிடுங்கி, மெழுகுதிரி கொளுத்தி, சுவாமி தீர்த்தம் தெளிக்கும்வரை பக்கத்தில் நிற்பவ, அந்த வருஷம் தென்மராட்சியில் யாரோ ஒருவரின் விறாந்தையில் கிடக்கிறா. வீட்டை விட்டு வந்ததைவிட இதுதான் அவவை வாட்டியிருக்கும் என்பது என் எண்ணம். நீரோ அந்த மனுஷனைச் சுவரில் ஒரு படமாய் மாட்டிவிட்டு மறந்துபோனீர். அவர் அரசாங்க உத்தியோகத்தர் என்றால், குண்டு போடும் அதே அரசாங்கத்தின் பென்சனில்தான் அவ சீவித்திருப்பா. அதையும் ஒரு வரியில் சொல்லலாம், சபை சிரிக்கும்.

அடுத்தது நவாலி. அந்த வருஷம் ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, புனித பேதுரு பாவுலு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை, உமது கிழவி “கோயிலுக்குள் இருந்தால் ஒன்றும் நடவாது” என்கிறா. யாழ்ப்பாணத்தில் அதை அப்போது யார் சொல்லியிருப்பார்கள்? அவ கோயிலுக்குப் போகட்டும். நடந்தது தெரிந்தே போகட்டும். ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு ஒரு நாள் போகாமலும் இருக்கட்டும். தவக்காலம்தோறும் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியின் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்தவவுக்குப் புலம்பத் தெரியும். அந்தப் புலம்பலுக்கு நீர் இடம் கொடுக்கவில்லை.

விளக்கு விஷயத்திலும் ஒன்று சொல்லவேண்டும். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் ஆனைவிலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரியைச் சின்னதாய் எரித்த காலம். நீர் அவவின் முகத்தில் பொன் வெளிச்சம் விழுத்தி மெழுகுதிரி வரிசையும் வைக்கிறீர். அவ விளக்கை ஊதி அணைத்துவிட்டுச் செபமாலையை எடுக்கட்டும். மணியை விரல் அறியும், எண்ணெயும் மிஞ்சும். மேடை இருளட்டும், குரல் மட்டும் வரட்டும். நடுவில் செபத்தை நிறுத்தி, “கோழிக்கூடு பூட்டினதோ?” என்று பக்கத்து வீட்டுப் பெட்டையைக் கேட்டுவிட்டு, விட்ட மணியிலிருந்தே தொடரட்டும்.

நடிக்கப்போகும் பிள்ளையை ஒரு மாதத்துக்குப் பின்னேரச் செபமாலைக்கு அனுப்பும். எவ்வளவு வேகமாய்ச் சொல்லுகிறார்கள், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள் என்று கேட்டுவரட்டும். ஒத்திகையை அதற்குப் பிறகு தொடங்கும்.