பந்தய விளையாட்டில் ஓவியமும் ஓட்டமும்

கலை எதுவாயினும் அதற்கு அழகு வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும் அழகு தான் சார்ந்த பயனோடு பொருந்தியபோதே நிலைபெறும். இவ்வுண்மையை, இக்கால மாணவர் பொழுதுபோக்காகக் கொள்ளும் வீடியோ விளையாட்டுகளுள், சிறப்பாகக் கார்ப் பந்தய விளையாட்டுகளில், தெளிவுறக் காணலாம். அவற்றில் காட்சியின் நுணுக்கமும் ஆட்டத்தின் இயக்கமும், ஒரே செல்வத்தைப் பங்கிட்டு வாழும் உடன்பிறந்தாரை ஒப்பன. அப்பங்கீடு எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அச்செல்வம் யாதெனில், காலமேயாம். திரையில் நாம் ஓட்டமெனக் காண்பது, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றும் அசையாப் படங்களின் வரிசையே. வினாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடிக்குள் கணினி வரைந்து முடித்தல் வேண்டும். 30 படங்களே போதுமெனின் 33.3 மில்லி வினாடி கிடைக்கும். அச்சிறு பொழுதிற்குள் சாலையும் மரமும் மலையும் நிழலும் வரையப்படுதலோடு, ஒவ்வொரு வண்டியின் சக்கரப் பிடிப்பும் மோதலும் கணிக்கப்பட வேண்டும். எதிர் வண்டிகளும் செலுத்தப்பட வேண்டும். வரைதற்கெனத் தனி உறுப்பு கணினியில் உண்டெனினும், அதன் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. மரமொன்றிற்கு ஆயிரம் இலைகளைக் கூட்டுவோர், அவ்விலைகளுக்குரிய நேரத்தைப் பிறிதோரிடத்தில் குறைத்தே ஆகவேண்டும்.

சதுரங்கம் போன்ற ஆட்டத்தில் படம் சிறிது தாமதிப்பதனால் இழப்பொன்றும் இல்லை. பந்தயத்திலோ நிலைமை வேறு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி, வினாடியொன்றில் 55 மீட்டருக்கு மேற் கடந்துவிடும். வினாடிக்கு 60 படங்கள் தோன்றின், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே அவ்வண்டி ஏறத்தாழ 0.93 மீட்டர் நகரும். 30 படங்களாயின் 1.85 மீட்டர் நகரும். படங்கள் குறையக் குறைய, வளைவிற் திரும்பவேண்டிய இடம் கண்ணுக்குத் தப்பும். கை செய்ததைக் கண் காணப் பிந்தும். ஆடுவோன் இதன் காரணத்தை அறியான். பிழை தன் கையினதே என எண்ணி வருந்துவான். கருவியின் குறையை மனிதன் தன் குறையாக ஏற்று நாணுமாறு செய்தல் முறையாகுமோ? ஆதலின் இப்பொருள் அழகு பற்றியது மட்டுமன்றி, நேர்மை பற்றியதும் ஆம்.

இனி, இத்துறையில் வல்லோர் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர் என்பதைக் காண்பாம். ஜப்பானிய நிறுவனமாகிய நாம்கோ, 1993-ஆம் ஆண்டில் விளையாட்டுக் கூடங்களுக்கென வெளியிட்ட 'ரிட்ஜ் ரேசர்' வினாடிக்கு 60 படங்களுடன் ஓடிற்று. 1994-ல் அஃது வீட்டிற்குரிய பிளேஸ்டேஷன் கருவிக்கு வந்தபோது 30 படங்களாகக் குறைந்தது. பின்னர் 1998-ல் 'ரிட்ஜ் ரேசர் டைப் 4' உடன் தந்த தனித் தட்டொன்றில், பழைய ஆட்டத்தையே அதே கருவியில் 60 படங்களுடன் ஓடச் செய்து காட்டினர். அதற்கு அவர்கள் ஈந்த விலை யாது? பல வண்டிகள் நெருங்கி ஓடிய சாலையில், எதிர்த்து ஓடப் பெரும்பாலும் ஒரு வண்டியே எஞ்சிற்று.

அவ்வாண்டிலேயே நிண்டெண்டோ நிறுவனத்தார் 'எஃப்-ஸீரோ எக்ஸ்' என்னும் ஆட்டத்தை நிண்டெண்டோ 64 கருவிக்கு அளித்தனர். அவர்கள் எதிரிகளைக் குறைக்க மனம் ஒருப்படவில்லை. 30 வண்டிகள் ஒருங்கே வினாடிக்கு 60 படங்களுடன் விரையவேண்டும் என்று துணிந்தனர். ஆகவே சுற்றுப்புறக் காட்சியையும் வண்டிகளின் வடிவ நுணுக்கத்தையும் துறந்தனர். காட்சி வறியது என்று குறை கூறியோரும் அதன் வேகத்தைப் புகழ்ந்தனர்.

எனினும் இவற்றால் நுணுக்கம் வேண்டாததென்று முடிவுகட்டல் ஆகாது. 1997-ல் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' உண்மைக் கார்களை நேசிப்போருக்கெனப் படைக்கப்பட்டது. காரின் உருவமும், அதன்மேல் ஒளி படர்ந்து செல்லும் அழகுமே அவ்வாட்டத்தின் உயிர். அதனால், ஆறு வண்டிகளும் 30 படங்களும் போதுமென அமைந்தமை அதன் நோக்கிற்குப் பொருந்தியதே. 2018-ல் வெளியான 'போர்ஸா ஹொரைசன் 4' மற்றொரு வழி கண்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் கருவியில், மிகு நுணுக்கமும் 30 படங்களும் வேண்டுமோ, நுணுக்கம் குறைந்து 60 படங்கள் வேண்டுமோ என்னும் தேர்வை ஆடுவோனிடமே அது விட்டுவிட்டது.

நுணுக்கமும் இருவகைத்து: செய்தி சொல்லும் நுணுக்கம் ஒன்று, அணி மட்டும் செய்யும் நுணுக்கம் மற்றொன்று. வளைவிற்குமுன் தொலைவு காட்டும் பலகை, சாலையோரத்துச் சிவப்பு வெள்ளைக் கட்டை, வண்டி தரையைவிட்டு எழுந்ததை உணர்த்தும் அடிநிழல், நனைந்த தரையின் மினுக்கம் ஆகியன ஓட்டுவோனுக்கு வழிகாட்டிகள். அருகிலுள்ள கம்பங்களும் வேலிகளும் பின்னோக்கி விரைவதனாலேயே வேகம் என்னும் உணர்ச்சி பிறக்கின்றது. அவற்றை நீக்கிவிடின் மிகு வேகமும் ஆமை நடையாய்த் தோன்றும். தொலைமலையின் இலைகளோ, விரைந்து செல்வோன் கண்ணிற் படா. அதனால் தொலைவிலுள்ளவற்றை எளிய வடிவாகவும், அணுகியபின் நுண்ணிய வடிவாகவும் வரைதல் வழக்கம். இவ்வழக்கமும் அளவு கடந்தால் தீதாம். எதிரேயுள்ள வளைவு அண்மையில் திடீரெனத் தோன்றுமாயின், ஓட்டுவோன் என் செய்வான்?

இத்தொழிலிற் புக விரும்பும் மாணவர் சில விதிகளைக் கைக்கொள்ளல் நலம். முதலில் வண்ணமற்ற சாலையும் பெட்டி போன்ற வண்டியும் அமைத்து ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அவ்வறிய நிலையிலேயே ஆட்டம் இன்பந் தருமாயின், பின்னர் வண்ணந் தீட்டலாம். இரண்டாவதாக, வேகத்தை வெற்றுச் சாலையில் அளத்தல் பயனற்றது. எல்லா வண்டிகளும் முதல் வளைவில் மழையிடையே நெருங்கும் வேளையிலேயே அளத்தல் வேண்டும். மூன்றாவதாக, 60-க்கும் 30-க்கும் இடையே தடுமாறும் ஓட்டத்தினும், 30-ல் நிலைத்த ஓட்டம் பெரும்பாலும் நன்று. நிலைத்த ஓட்டத்திற்குக் கை பழகிக்கொள்ளும்.

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் முதுமொழி. பந்தய விளையாட்டில் ஓட்டமே சுவர். ஓவியம் அதன்மேல் எழுதப்படுவது. விலையுயர்ந்த கருவி தம்மிடம் இல்லையே என ஏங்கும் இளைஞர், மேற்கூறிய ஆட்டங்களை நினைவுகூர்வாராக. அவற்றை இயற்றியோர் கையில் இருந்ததும் அளவுபட்ட ஆற்றலே. எதை விடுவது என்பதைத் தெளிந்தமையால், எதைக் காப்பது என்பதிலும் அவர்கள் வெற்றி கண்டனர்.